பக்கம் ஏன் லேட்டா வருது? ஒரு கோரிக்கையைப் பிரித்துப் பார்ப்போம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போக இவ்வளவு நேரமான்னு யாராவது அலுத்துக்கிட்டா, உடனே ரோட்டைத்தான் திட்டுவோம். பஸ் ஸ்டாண்டில் நின்றது எவ்வளவு, பஸ் ஓடியது எவ்வளவு என்று பிரித்தால்தான் உண்மை தெரியும். இணையக் கோரிக்கையும் அப்படித்தான்.

மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்தும் நண்பர் போன் பண்ணினார். "புக்கிங் பக்கம் திறக்கறதுக்குள்ள ஆளுங்க வேற இடம் பாத்துடறாங்க. சர்வர் அமெரிக்காவுல இருக்கும்போல. வேற ஹோஸ்டிங் வாங்கிடவா?" பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடலாம்னு சொன்னேன்.

குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் ஒரு வரியைத் தட்டி, டைமிங் என்பதைப் பாருங்கள். முதலில் டிஎன்எஸ்: பெயரை முகவரியாக மாற்றும் நேரம். அடுத்து டிசிபி இணைப்பு, அதன்மேல் டிஎல்எஸ் பூட்டு. பிறகு கோரிக்கையை அனுப்பிவிட்டு முதல் பைட்டுக்காகக் காத்திருப்பது. கடைசியாக டவுன்லோடு. ஏற்கெனவே திறந்த இணைப்பைப் பிரவுசர் மறுபடி பயன்படுத்தினால் முதல் மூன்றும் காட்டாது. அதனால் புது இன்காக்னிட்டோ விண்டோவில் பாருங்கள். கர்ல் கட்டளையிலும் இதே நேரங்கள் கிடைக்கும். ஆனால் அது ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து கூட்டிச் சொல்லும். கழித்துப் பார்க்க வேண்டியது நம்ம வேலை.

இதில் டிசிபி நேரம் ஒரு நல்ல சாட்சி. அது ஏறக்குறைய ஒரு போய்வரும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். இங்கிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கி.மீ.; போய்வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். அமெரிக்காவின் வர்ஜீனியா 13,000 கி.மீ.க்கு மேல், குறைந்தது 130. டிசிபிக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று என மூன்று தடவை போய்வந்தால் கிட்டத்தட்ட 400 மில்லிசெகண்ட். எந்தக் கம்பெனி சர்வர் வாங்கினாலும் இந்தத் தூரக் கணக்கை மீற முடியாது.

நண்பரின் பக்கத்தில் டிசிபி சுமார் 30 மில்லிசெகண்ட்தான். ஆக, இணைப்பு அமெரிக்கா வரை போகவே இல்லை. ஆனால் காத்திருப்பு மட்டும் கிட்டத்தட்ட 2 நொடி!

பக்கத்திலேயே இருக்கும் ஏதோ இடைச் சர்வர் வாங்கி, தூரத்துச் சர்வருக்கு அனுப்புகிறதோ? அப்படியே இருந்தாலும் தூரம் மட்டும் 2 நொடியைத் தின்னாது. இடையில் எந்தச் சர்வரும் இல்லை என்பதை அமைப்பிலும் உறுதி செய்துகொண்டோம். அதே சர்வரிலிருந்து வந்த ஓர் அறைப் படத்தையும் பார்த்தோம். அதன் காத்திருப்பு மிகக் குறைவு. ஒரே ரோடு, ஒரே சர்வர். படம் சட்டென்று வருது, பக்கம் வரலை. அப்போ கோளாறு பக்கத்தைத் தயாரிக்கிற நிரலில்தான்.

திறந்து பார்த்தால், எந்த அறை காலி என்று ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாதத்துக்கு ஒரே கேள்வியாக மாற்றினோம். காத்திருப்பு கால் நொடிக்குள் வந்துவிட்டது. ஹோஸ்டிங் பணமும் மிச்சம்.

ஒரு தடவை அளந்து முடிவெடுக்காதீங்க. காலை, மாலை எனப் பத்து இருபது தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அந்த வரிசையின் மோசமான முனையையும் ஒரு கண் பாருங்கள். பொறுமை இழந்து போன வாடிக்கையாளர் அங்கேதான் இருப்பார்.