குழாய்க்குள் காற்று – 9: இரண்டு அங்குலத் தண்ணீர்

போன வாரம் ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியாவையும் மறுமுனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வைத்தோம். வெண்புகை வளையம் நடுவில் விழாமல் அமிலத்தின் பக்கம் தள்ளி விழுந்தது. எடை குறைந்த வாயுவுக்கு வேகம் அதிகம் என்று கிரகாம் சொன்னது சரிதான். இந்த வாரம் குழாய் கண்ணாடி இல்லை. நாலு அங்குல பி.வி.சி.

2024 ஜூன் 11 காலை. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் ஒரு மூதாட்டி கழிவறைக்குப் போனார், மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் இன்னொரு வீட்டில் ஒரு பள்ளி மாணவி. மூவரும் பிழைக்கவில்லை. பாதாள சாக்கடையிலிருந்து வந்த விஷவாயு என்றார்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்பது சந்தேகம்.

தெருவிலிருக்கும் மேன்ஹோலுக்கும் வீட்டுக் கழிவறைக்கும் பத்து மீட்டர் என்று வையுங்கள். அந்தத் தூரத்தை வாயு தானாகப் பரவிக் கடந்திருக்குமா? கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். அசையாத காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மீட்டர் பரவவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. ஒரு மாதத்துக்கு மேல். காரணம் நெரிசல். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஒரு மூலக்கூறு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதற்குள் இன்னொன்றின் மேல் முட்டிக்கொள்கிறது. வில்லியனூர் தேர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகப் பார்ப்பவர் நிலைமைதான். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் கூட்டம் கலைந்து பரவல் இரட்டிப்பாகும். இன்னும் குறைத்துக்கொண்டே போனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மறந்து குழாய்ச் சுவரில் மட்டும் மோதும். அதற்குப் பிறகு பரவும் வேகத்தை முடிவு செய்வது குழாயின் அகலமே. டென்மார்க்கின் நுட்சன் 1909-ல் ஆராய்ந்தது இதைத்தான். சாக்கடைக் குழாய்க்கு அந்த நிலை வராது.

அப்படியானால் வாயு நடந்து வரவில்லை, தள்ளப்பட்டு வந்திருக்கிறது. எங்கோ அடைப்பு, கழிவுநீர் மேலேறுகிறது. அதன் மேலிருந்த காற்றுக்குப் போக இடம் வேண்டுமே! மெல்லிய குழாயில் நீர் ஓடுவதை 1840-களில் அளந்தவர் பாரிஸ் மருத்துவர் புவாசேய் (இந்தப் பெயரை உச்சரிக்கப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை). சீராக ஓடும்வரை, குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு என்பது அவர் கண்ட விதி. நாலு அங்குலக் குழாயில் வாயுவைத் தள்ள ஊதுபத்திப் புகையைக் கலைக்கும் அளவு அழுத்தம் போதும்.

அதைத் தடுக்கத்தான் கோப்பைக்குக் கீழே வளைந்த எஸ் டிராப், பி டிராப். அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். காற்றழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு அது எதிர்த்து நிற்கும். தண்ணீருக்குள் வாயு பரவும் வேகமோ காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இரண்டு அங்குலத்தைக் கடக்கவே ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் எத்தனை முறை ஃப்ளஷ் செய்து தண்ணீரை மாற்றியிருப்போம்! விசாரணையில் அங்கே சில வீடுகளில் இந்த நீர்த்தடுப்பு முறையாக இல்லை என்று சொல்லப்பட்டது. வைக்காதவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். டிராப் இல்லாத வீட்டுக்குப் பாதாள சாக்கடை இணைப்பு கொடுத்தபோது யாராவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பியும் இருக்காதீர்கள். முட்டை அழுகிய வாடை கொஞ்சம் இருக்கும்போதுதான் தெரியும். காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டினால் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து.

மாடியில் யாரும் புழங்காத குளியலறை இருக்கிறதா? வெயில் காலத்தில் அங்கே தரையிலுள்ள நஹானி டிராப் காய்ந்து போகும். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளம்பர் வந்தால், மொட்டை மாடி வரைக்கும் வென்ட் பைப் போயிருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள்.