தொட்டித் தண்ணீர் சொல்லும் பாடம்

கை கழுவும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அடைப்பைத் திறந்துவிட்டால் நீர் சுழன்றபடியே இறங்கும். ஷா ஆலமில் எந்த வீட்டுப் பிள்ளையும் தினமும் பார்க்கும் காட்சிதான் இது. ஆனால், இது ஏன் சுழல்கிறது?

"பூமி சுழல்வதுதான் காரணம். பூமத்திய ரேகைக்கு வடக்கே இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் நீர் இறங்கும்" என்று விளக்கும் வீடியோக்கள் இணையத்தில் ஏராளம். கென்யாவின் நன்யூக்கியில் சுற்றுப்பயணிகளுக்கு இதைச் செய்தே காட்டுகிறார்கள். ரேகைக்கு இந்தப் பக்கம் சில அடி நின்றால் ஒரு சுழற்சி, அந்தப் பக்கம் நின்றால் எதிர்ச் சுழற்சி! கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

மறுக்கலாம். பாத்திரத்தோடு உடலைத் திருப்பும் விதத்திலும் தண்ணீரை ஊற்றும் விதத்திலும்தான் அந்த வித்தை இருக்கிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள் ஆகிறது. தொட்டி நீரோ சில விநாடிகளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. குழாயிலிருந்து விழுந்த வேகம், கை பட்ட அசைவு, தொட்டியின் வடிவம் ஆகியவற்றின் முன்னால் பூமியின் சுழற்சி அங்கே எடுபடாது.

அப்படியானால் அந்த விளைவு பொய்யா? பொய்யில்லை. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகப் பேராசிரியர் ஆஷர் ஷப்பிரோ, ஏறக்குறைய ஆறு அடி அகலத் தொட்டியில் நீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டுவைத்தார். பிறகு சிறு துளை வழியே மெல்ல வடியவிட்டார். முதல் பத்து நிமிடங்களுக்கு மேல் சுழற்சியே தெரியவில்லை. கடைசியில்தான் நீர் இடஞ்சுழியாகச் சுழன்றது. 1965இல் சிட்னியில் செய்த சோதனையில் அது வலஞ்சுழியாக வந்தது.

இதே சோதனையை 2015இல் டெரெக் முல்லர் ஆஸ்திரேலியாவிலும் டெஸ்டின் சான்ட்லின் அமெரிக்காவிலும் செய்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும்படி இரண்டு வீடியோக்களாக வெளியிட்டனர். சிறுவர்கள் குளிக்கும் ரப்பர் குளம், கொஞ்சம் சாயம், நிறையப் பொறுமை. அவ்வளவுதான்! நீரை ஏன் காத்திருக்க வைத்தார்கள் என்பதையும் அவை காட்டுகின்றன. நல்ல அறிவியல் வீடியோவுக்கு அதுவே அடையாளம்.

ஷா ஆலம் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 3 பாகையில்தான் இருக்கிறது. ஷப்பிரோவின் ஊரில் இருந்த விளைவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2001 டிசம்பர் 27ஆம் தேதி, 'வாமெய்' புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. ரேகைக்கு வெகு அருகில், சுமார் 1.4 பாகையில் உருவான புயல் அது. வடகிழக்குப் பருவக்காற்றின் வேகமும் போர்னியோ அருகே முன்பே சுழன்றுகொண்டிருந்த காற்றும் அதற்குச் சுழற்சியைக் கொடுத்தன என்று ஆய்வாளர்கள் விளக்கினர். தொட்டி நீரில் கை பட்ட அசைவைப் போலத்தான் இதுவும்!

பெற்றோர் இங்கே சிந்திக்க வேண்டும். படத்தில் கண்டதெல்லாம் உண்மை என்று பழகிய பிள்ளை, நாளை இலைச்சாறு நீரிழிவை அடியோடு போக்கும் என்று ஒரு வீடியோ சொன்னாலும் நம்பும். தாத்தாவின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும். அப்போது வருந்திப் பயனில்லை.

பிள்ளைகளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். வீடியோ முடிந்ததும் அவர்களைத் தொட்டியருகே அழைத்துச் செல்லுங்கள். பத்து முறை நீரை நிரப்பி வடியவிட்டு, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் சுழன்றது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கையால் ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் கலக்கிவிட்டும் பார்க்கட்டும். செலவு ஒரு காசும் இல்லை. சோதித்த பிறகே நம்பும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிடும்.