வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ரயில் டிக்கெட்: யாரை நம்பிப் பணம் கட்டுவது?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பெரம்பலூர்க்காரர் சென்னையில் விமானம் இறங்கினால், எழும்பூரில் பல்லவனையோ மலைக்கோட்டையையோ பிடித்து, அரியலூரில் இறங்கி பஸ் ஏற வேண்டும். பொங்கல், தீபாவளி சமயத்தில் அந்த ரயில்களில் இடம் பிடிப்பது பெரும்பாடு.

2024 நவம்பர் 1 முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு தொடங்குகிறது. அது திறக்கும் நேரம் இங்கே காலை 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, வேலை நேரம். சரி, தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இணையத்தில் தட்கல் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதற்கான ஓ.டி.பி. ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் செத்துப்போயிருந்தால் வழி அடைபட்டுவிடும். வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரைச் சரிபார்த்துவிடுங்கள். இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

இந்தத் தவிப்பில்தான் புரோக்கர் நுழைகிறார். “பேரும் வயசும் வாட்ஸ்அப்பில் போடுங்கண்ணே, டிக்கெட் வந்துடும்” என்பார். தன் சொந்தக் கணக்கில் எடுத்து, மேலே சில நூறு வைத்து விற்பார். சொந்தக் கணக்கில் எடுத்த டிக்கெட்டை விற்பது குற்றம் என்று அந்த டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். யாரும் கீழே வரை படிப்பதில்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இணைய டிக்கெட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்குப் பெரிய கவலை வேறு. டிக்கெட்டை ரத்து செய்தால், பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அங்கேதான் திரும்பும். கடைசி நேரத்தில் முதலாளி விடுப்பு தர மறுத்தால், உங்கள் பணம் புரோக்கரின் கணக்கில் போய் உட்காரும். அவர் போனை எடுக்காவிட்டால், அரபு நாட்டில் வெயிலில் நிற்கும் மனிதர் என்ன செய்வார்?

ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோ தங்கள் கணக்கில் உங்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். காசு வாங்கி விற்காதவரை அதில் தவறே இல்லை. மாதம் 12 டிக்கெட், ஆதார் சரிபார்த்த கணக்கென்றால் 24 வரை எடுக்கலாம். ரயிலில் காட்ட அசல் பாஸ்போர்ட் போதும். நீங்கள் வர முடியாமல் போனால், உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், மனைவி, பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாவிட்டால் முழுப்பணமும் கிடைக்கும். ஆனால் ரயில் கிளம்புவதற்குள், பணத்தைத் திரும்பக் கோரும் டி.டி.ஆர். மனுவைப் பதிய வேண்டும். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், சார்ட் போட்டபிறகும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாதவராகவே நடத்துவார்கள்.

போலி டிக்கெட்டுக்குப் பணம் போய்விட்டதா? வீட்டில் இருப்பவர் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. ரயில்வே புகாருக்கு 139. சேவைக் குறைபாடு என்றால், பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையங்களில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.