பவளத் தொட்டிக்குத் தண்ணீர் ஓட்டமே உயிர்!

வீட்டில் கடல் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளைப் பார்த்தால், விளக்கைப் பற்றிப் பேசுவார்கள். உப்பைப் பற்றிப் பேசுவார்கள். மீன் என்ன விலை என்று சொல்வார்கள். "தண்ணீர் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டால் மட்டும், "அதான் மோட்டார் போட்டிருக்கே!" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மோட்டார் ஓடினால் மட்டும் போதுமா? அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது என்பதில்தான் பவளத்தின் ஆயுசே இருக்கிறது.

நாங்கள் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். கூடத்தில் மூன்றடி நீளத்தில், சுமார் 180 லிட்டர் பிடிக்கும் பவளத் தொட்டி. ஆசைப்பட்டு வைத்தவன் என் பெரிய பையன். அவன் தேசிய சேவைக்காக ராணுவ முகாமுக்குப் போனதும் தொட்டி என் பொறுப்பாயிற்று. "அம்மா, எது மறந்தாலும் தண்ணீர் ஓட்டத்தை மறந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓட்டம் எதற்கு?

பவளம் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ள பிராணி. மீனுக்குப் பசித்தால் நீந்திப் போகும். பவளம் இருந்த இடத்தை விட்டு அசையாது. அதற்குச் சாப்பாட்டையும் பிராணவாயுவையும் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும். கழிவையும் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு நாம் பணிவிடை செய்கிறோமே, அது போலத்தான்.

பவளத்தின் தோலை ஒட்டி அசையாத நீர்ப் படலம் ஒன்று இருக்கும். ஓட்டம் குறைந்தால் அந்தப் படலம் தடித்து, அதற்கு மூச்சு முட்டும். காற்றடித்தால் ஈரத்துணி சீக்கிரம் உலர்கிறது அல்லவா? அங்கே காற்று செய்கிற வேலையை இங்கே ஓட்டம் செய்கிறது.

"ராத்திரி எதுக்கும்மா அது ஓடணும்? கரண்டு பில் ஏறலையா?" என்று என் மாமியார் கேட்டார். "பகல்லே பவளத்துக்குள்ளே இருக்கிற நுண்ணிய பாசி, வெளிச்சத்திலே பிராணவாயு உண்டாக்கும் அத்தை. ராத்திரி அது நின்னுடும். ஆனா மூச்சு எல்லாருக்கும் வேணுமே!" என்றேன். இப்போதெல்லாம் மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் முதலில் கூப்பிடுகிறவர் அவர்தான்.

எவ்வளவு வேண்டும்?

தொட்டித் தண்ணீர் முழுவதையும் மோட்டார்கள் மணிக்கு எத்தனை தடவை தள்ளுகின்றன என்பதுதான் கணக்கு. காளான் பவளம் போன்ற மென்பவளங்களுக்கும், ஹாமர், டார்ச் போன்ற சதைப்பற்றான பவளங்களுக்கும் 10 முதல் 20 மடங்கு போதும். எங்கள் 180 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,800 முதல் 3,600 லிட்டர். மான்கொம்பு போல் கிளைவிடும் அக்ரோபோரா வகைக்கு 30 முதல் 50 மடங்கு, அதற்கு மேலும் கூடக் கொடுப்பார்கள். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாருக்கு, ஏற்றும் உயரம் கூடக்கூடத் தள்ளும் அளவு குறையும்.

எப்படிப் பொருத்துவது?

கடலில் அலை வந்து போகும், நீரோட்டம் திசை மாறும். ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் அடிப்பதில்லை. ஒரே மோட்டார் ஒரு பவளத்தின் முகத்திலேயே பீய்ச்சிக்கொண்டிருந்தால் அதன் சதை கிழிந்துபோகும். ஆகவே பெரிய மோட்டார் ஒன்றைவிடச் சிறிய 'வேவ்மேக்கர்' இரண்டு நல்லது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் காந்தத்தால் ஒட்டி, மாறி மாறி ஓடும்படி வையுங்கள். ஒன்றைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினால் நீர்ப்பரப்பு நெளிந்துகொண்டே இருக்கும். எண்ணெய்ப் படலம் கலையும், பிராணவாயுவும் தண்ணீரில் கலக்கும். கீழ்நோக்கித் திருப்பினால் மணல்தான் பறக்கும்!

பலத்த ஓட்டம் கேட்கும் அக்ரோபோராவை மேலே வையுங்கள். ஹாமர், டார்ச்சை நடுவில். காளான் பவளத்தைக் கீழே.

கண்ணால் பார்த்தே சொல்லலாம்

மீன் தீனியை ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். துகள் எங்கே போய் அசையாமல் தங்குகிறதோ அங்கே ஓட்டம் இல்லை. அழுக்கு சேர்வதும், சிவப்பு வழுவழுப்புப் பாசி படர்வதும் பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

பிறகு பவளத்தைப் பாருங்கள். விரல்கள் நன்றாக விரிந்து, காற்றில் நெற்பயிர் ஆடுவது போல் இதமாக ஆடினால் சரி. சுருங்கியே இருந்து, மேலே தூசி படிந்திருந்தால் ஓட்டம் போதவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து, சதை விலகி ஓடு தெரிந்தால் ஓட்டம் அதிகம். எதை மாற்றினாலும் கொஞ்சம் மாற்றிவிட்டு நாலு நாள் பொறுங்கள். தினம் ஒரு பக்கம் திருப்பினால் பவளம் பழகவே பழகாது.

மோட்டாருக்கு வினிகர் குளியல்

ஓட்டம் திடீரென்று குறைவதில்லை. நமக்குத் தெரியாமல் நாளாக நாளாகத்தான் குறையும். வெந்நீர்க் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு மோட்டாரிலும் ஏறுவதுதான் காரணம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* தொட்டிக்குள் கை விடுமுன் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள். பிளக்குக்குக் கீழே ஒயர் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். அப்போது வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் அவசியம். தவழும் குழந்தை இருந்தால் ஒயரும் பிளக்கும் கைக்கு எட்டவே கூடாது.

* கீழ்த் தொட்டி இருந்தால், மோட்டாரை வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் அது தாங்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று வந்து நிற்பார்!

* கடல் சாமந்தி வளர்த்தால் மோட்டார் வாய்க்கு வலைமூடி போடுங்கள். என் சிநேகிதி வீட்டில் அது ராத்திரி நகர்ந்துபோய் மோட்டாரில் அரைபட்டு, விடிவதற்குள் மீன்கள் அத்தனையும் போய்விட்டன.

* தீனி போடப் பத்து நிமிஷம் மோட்டாரை நிறுத்தினால், அடுப்பில் பால் வைத்தது போல் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் ஓட பாட்டரி காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

* பொத்தான் பவளம் எனப்படும் ஸோவாந்திட் வகைகள் சிலவற்றில் கடுமையான விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லைத் தேய்க்கவோ வெந்நீரில் போடவோ கூடாது.

தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தவை. மன்னார் வளைகுடாப் பவளத்தை அழகுக்காக வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். மீன் மட்டும் உள்ள சாதாரணத் தொட்டியிலும் தீனித் துகளை வைத்து ஓட்டம் பார்க்கலாம். நீர்ப்பரப்பு நெளிந்துகொண்டிருந்தால் மீனுக்கும் மூச்சு சுகம்.

தினமும் காலையில் காபி ஆறும் நேரம் ஐந்து நிமிஷம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்களேன். பவளத்துக்குப் பேசத் தெரியாது. ஆனால் அழாத குழந்தைக்கும் பசி தெரிந்து பால் கொடுத்தவர்கள்தானே நாம்!