வேகமும் அச்சாணியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் தூரமும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்கு அச்சாணி எத்தனை முக்கியமோ அத்தனை முக்கியம், பந்தயக் காருக்கு அதன் கியர்ப்பெட்டி. இந்த உண்மையைப் பளிச்சென்று எடுத்துக் காட்டும் ஒரு விசித்திரமான விளையாட்டைப் பற்றி இம்மாதம் எழுதலாம் என்று எண்ணினோம். அதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் இளைஞர்கள் கைப்பேசித் திரையில் கண்ணைப் பதித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆயிரம் வண்டுகள் ஒருசேர ரீங்காரமிடுவது போன்ற ஓர் ஒலி எழுகிறது. "இது என்னப்பா சத்தம்?" என்று பெரியவர் கேட்டால், "ரோட்டரி கார், தாத்தா! கால் மைல் பந்தயம்!" என்று விடை வருகிறது. அதற்குமேல் விளக்கம் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு விளக்கமாகவும், இளைஞர்களுக்குச் சிறிது யோசனைக்கு இடமாகவும் இக்கட்டுரை அமையுமானால் மகிழ்வோம்.

கால் மைல் பந்தயம் என்பது யாது? நேரான பாதையில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்பட வேண்டும். 1,320 அடி தூரத்தை முதலில் கடப்பவருக்கு வெற்றி. வளைவுகள் இல்லை, மேடு பள்ளம் இல்லை. அமெரிக்காவில் இரண்டாவது உலகப் போருக்குப் பின் பரவிய இந்த விளையாட்டை 'டிராக்' பந்தயம் என்கிறார்கள். தெருக்களிலும் பாழ்நிலங்களிலும் தாறுமாறாக நடந்து வந்த இதனை ஒழுங்குக்குள் கொண்டுவர, வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ஆம் ஆண்டில் ஒரு தேசிய சங்கத்தையே தோற்றுவித்தார். இன்று இப்பந்தயங்களில் ஓடும் ரோட்டரி கார்களுள் சிறந்தவை அந்தக் கால் மைலை ஏழு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகின்றன. கரிபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவிலும், ஆஸ்திரேலியா, நியூசீலாந்து நாடுகளிலும் இந்தக் கார்களிடம் மக்களுக்குத் தனி மோகம்.

ஆட்டுக்கல்லில் பிறந்த சக்தி

சாதாரண மோட்டார் இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ரோட்டரி இயந்திரத்திலோ பிஸ்டனே கிடையாது. நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழியின் சுவரைத் தடவிக்கொண்டே குழவி சுற்றி வருகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோல, இடை சிறுத்த நீள்வட்ட வடிவமான ஓர் அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, தன் மூன்று முனைகளும் சுவரை விட்டு விலகாதபடி சுற்றுகிறது. முனைக்கும் முனைக்கும் இடையே உண்டாகும் இடைவெளி விரிந்தும் சுருங்கியும் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுக்கிறது, அழுத்துகிறது, எரியவிடுகிறது, புகையை வெளியே தள்ளுகிறது. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும்.

பெலிக்ஸ் வான்கல் என்ற ஜெர்மானியரின் கற்பனையில் உதித்த இந்த இயந்திரம், என்.எஸ்.யு. கம்பெனியில் 1957-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓடியது. அதன் உரிமத்தை 1961-இல் பெற்ற கம்பெனிகளுள் ஒன்று, ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து டோயோ கோக்யோ; பின்னாளில் மாஸ்டா என்று உலகறிந்த நிறுவனம் அதுவே. ஆனால் அவர்கள் எதிர்கொண்ட சோதனை சாமானியமானதன்று. சுழலியின் முனைகளில் பொருத்திய மெல்லிய அடைப்புப் பட்டைகள் சுவரில் அதிர்ந்து அதிர்ந்து வரி வரியாகக் கீறிவிட்டன. 'சாத்தானின் நகக்கீறல்' என்று பொறியியலார் அதற்குப் பெயரிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் 47 பேர் பல்லாண்டு உழைத்து, அலுமினியம் ஊட்டிய கரிமப் பட்டையால் அக்குறையைப் போக்கிய பின்னரே, 1967-இல் 'காஸ்மோ ஸ்போர்ட்' கார் வீதிக்கு வந்தது. 1991-ஆம் ஆண்டில் நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா கார் பிரான்சு நாட்டின் லெமான் நகரில் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது, அதன் முனைப்பட்டைகள் பீங்கான் இனத்துப் பொருளால் ஆனவை.

ஐந்தடுக்கு டிபன் காரியர்

டிராக் பந்தயக்காரர் பெரிதும் நாடுவது மாஸ்டாவின் '13பி' என்ற இயந்திரத்தை. அதில் சுழலிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 654 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. இரண்டும் சேர்ந்து 1,308. நம் தெருக்களில் ஓடும் சிறு குடும்பக் கார்களின் இயந்திர அளவுதான்! இதிலிருந்து ஆயிரம் குதிரைசக்திக்கு மேல் கறந்துவிடுகிறார்கள். புகையின் வேகத்தால் சுழலும் டர்போ விசிறியைக் கொண்டு காற்றை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே திணிப்பதே அதற்கு வழி.

திணிப்பது எளிது, தாங்குவது அரிது. அளவுக்கு மீறிய அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் எரிபொருள் முறைப்படி எரியாமல் படாரென்று வெடிக்கும். அந்தச் சம்மட்டி அடி நேரே முனைப்பட்டையின்மீது விழுகிறது. பிற்கால 13பி இயந்திரங்களில் அப்பட்டையின் நீளம் 80 மில்லிமீட்டர். கனமோ 2 மில்லிமீட்டர்தான். வார்ப்பிரும்புப் பட்டையானால் தெறித்து உடைகிறது. உடைந்த துண்டு சுவரைக் கிழித்து, புகையோடு வெளியேறி, டர்போ விசிறியின் இதழ்களையும் ஒடித்துவிடுகிறது. ஒரு சிறு துண்டினால் மூன்று நஷ்டங்கள்! ஆகவே பந்தயக்காரர்களுள் பலர், உடையாமல் வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டைகளை விரும்புகிறார்கள். வளைந்த பட்டையால் ஓட்டம் கெடும். எனினும் சுவர் பிழைத்துக்கொள்ளும். எரிபொருளாகவும் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனாலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது ஆவியாகும்போது மிகுந்த உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே வரும் காற்று குளிர்கிறது; வெடிப்பின் அபாயம் குறைகிறது.

அடுத்தது இயந்திரத்தின் உடல். இரண்டு சுழலி அறைகள், அவற்றின் இருபுறமும் நடுவிலுமாக மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள், ஆக ஐந்து அடுக்குகளை நீண்ட போல்ட்டுகள் ஊடுருவிப் பிணைக்கின்றன. ஐந்தடுக்கு டிபன் காரியர் என்றே சொல்லலாம். டிபன் காரியரைக் கைப்பிடி எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், பக்கவாட்டில் முறுக்கினால் அடுக்குகள் சற்றே நழுவும். சக்தி மிகும்போது இந்த இயந்திரமும் அப்படியே முறுகுகிறது. தட்டுகள் விரிசல் விடுகின்றன. அதற்குப் பரிகாரமாக அடுக்குகளினூடே கூடுதல் துளைகள் இட்டு, நழுவாதபடி எஃகு ஊசிகளைச் செருகுகிறார்கள். போல்ட்டுகளையும் தடித்தவையாக மாற்றுகிறார்கள். பெருஞ்சக்தி வேண்டுவோர் வார்ப்புத் தட்டுகளையே நீக்கிவிட்டு, முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த தட்டுகளைப் பொருத்துகிறார்கள்.

நடுத்தண்டோ இரு முனைகளில் மட்டுமே தாங்கப்படுவது. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளை நெருங்கும்போது அது நடுவில் இம்மியளவு வளையும். அந்த இம்மியே சுழலியைச் சுவரில் உரசவிடப் போதும். சுழலியை வழிநடத்தும் 34 பற்கள் கொண்ட நிலைச்சக்கரத்தின்மேலும் அப்போது பெருஞ்சுமை ஏறுகிறது. ஆதலால் நிலைச்சக்கரத்தைத் தனிப் பக்குவத்தில் கடினமாக்குவதும், சுழலியின் பக்கங்களை நூலளவு சீவி இடைவெளி கொடுப்பதும் வழக்கம்.

நோய் இடம் மாறுகிறது

இவ்வாறு இயந்திரத்தை வலுப்படுத்தியாயிற்று. இனிக் கவலையில்லை என்று எண்ணினால், அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. இதுவரை இயந்திரத்தை உடைத்த சக்தி, இப்போது கியர்ப்பெட்டியைத் தேடிச் செல்கிறது.

ரோட்டரி இயந்திரத்துக்கு மெதுவான ஓட்டத்தில் இழுவை குறைவு. ஆதலால் புறப்படும்போதே அதை உச்ச வேகத்தில் சுழலவிட்டு, கிளட்சைச் சட்டென்று விடவேண்டியிருக்கிறது. சுழலும் சக்கரத்தில் தங்கியிருக்கும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிமிஷத்துக்கு 4,500 சுற்றில் இருப்பதைக் காட்டிலும் 9,000 சுற்றில் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கும். அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்சக்கரங்களின்மீது பாய்கிறது.

வீதிக் கார்களின் கியர்ப்பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. சத்தமின்றி ஓடும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டிலும் தள்ளும். சுமை மிகும்போது அத்தள்ளுதல் பேரிங்குகளையும் பெட்டியின் சுவரையும் பிளந்துவிடக் கூடும். பந்தயப் பெட்டியில் பற்களை நேராகவும் அகலமாகவும் வெட்டுகிறார்கள். அலறல் அதிகம், ஆயினும் பக்கத் தள்ளுதல் இல்லை. பற்களின் மேற்பரப்பைக் கரிமம் ஊட்டிக் கடினமாக்கி, உட்பகுதியை உறுதியும் இளக்கமும் உள்ளதாக விட்டுவைக்கிறார்கள். பிறகு சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை மழைபோல் அப்பரப்பின்மீது பொழிகிறார்கள். அந்த அடியால் மேற்பரப்பு தனக்குள்ளேயே நெருங்கி அழுந்துகிறது. உலோகத்தின் களைப்பினால் வரும் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்குவதாதலால், அழுந்திய பரப்பில் அது எளிதில் வாய்திறப்பதில்லை. கூரான மூலைகளிலும் விரிசல் பிறக்கும். ஆகவே மூலைகளையெல்லாம் மழுக்கி வழவழப்பாக்குகிறார்கள்.

வேறு சிலர் தானியங்கிப் பெட்டியை நாடுகிறார்கள். அமெரிக்க ஷெவர்லே கம்பெனி 1950-ஆம் ஆண்டில் குடும்பக் கார்களுக்காக வெளியிட்ட 'பவர்கிளைட்' என்ற இரண்டு கியர்ப் பெட்டியின் அமைப்பு இன்றும் டிராக் பந்தயங்களில் வாழ்கிறது. உள்ளுறுப்புகள் மட்டும் பலமானவை. அதில் இயந்திரத்துக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. சம்மட்டி அடி மெத்தையில் விழுந்தாற்போல் தணிகிறது.

கியர்ப்பெட்டியும் உறுதியாயிற்றா? அடுத்து நீள்தண்டு முறுகும். அதைத் தடித்ததாக்கினால் பின் அச்சு முறியும். அதையும் மாற்றினால் டயர் வழுக்கும். நோய் குணமாவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே அனுபவசாலி எதை எதை வலுப்படுத்துவது என்பதோடு நின்றுவிடுவதில்லை. தாங்கமுடியாத சுமை வரும்போது எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். கிளட்ச் சிறிது நழுவலாம்; தேய்ந்த தட்டை மாலையில் மாற்றிக்கொள்ளலாம். பல்சக்கரம் சிதறக்கூடாது. அதன் அருகே இருப்பது ஒரு மனிதனின் கால்.

ஒரு பாதத்தின் விலை

இது வெறும் பேச்சன்று. 1970-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி, கலிபோர்னியாவில் லயன்ஸ் பந்தயப் பாதையில், டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் புறப்பட்ட கணமே அவருடைய கியர்ப்பெட்டி வெடித்துச் சிதறியது. அவருடையது ரோட்டரி காரன்று. பெரிய பிஸ்டன் இயந்திரம் முன்னால் அமைந்த நீண்ட வண்டி. அது இரண்டாக ஒடிந்தது. அவர் வலப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மனம் தளராத அவ்வீரர், இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் தமக்குப் பின்னால் வைத்து ஒரு புதிய வண்டியை அமைத்தார். 1971-இல் அவ்வண்டியிலேயே வெற்றியும் கண்டார். அதற்குப்பின் அந்த வகை வண்டிகளை ஓட்டுவோர் யாவரும் இயந்திரத்தின் முன்னால் அமரலாயினர்.

உறுதியான உறுப்பும் ஒருநாள் முறியும் என்று ஒப்புக்கொண்டு, அந்த நாளுக்கு ஆயத்தமாக இருப்பதே அவர் கற்றுக்கொண்ட பாடம். கிளட்சையும் கியர்ப்பெட்டியையும் சூழ்ந்து எஃகுக் கவசம் இடுவதும், நீள்தண்டு முறிந்தால் தரையில் குத்தாதபடி வளையம் மாட்டுவதும் அதே பாடத்தின் பயனே.

நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். இயந்திரங்களின்பால் ஆர்வம் நல்லது. அதைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு பல்சக்கரத்தின் மூலையை ஏன் மழுக்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளை பொறியியலின் வாசலில் நிற்கிறான். ஆனால் கவசமும் தீயணைப்போரும் இல்லாத ஊர்ச்சாலை பந்தயக்களம் ஆகாது. பொது வீதியில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும் உலோகத்துக்கு அஞ்ச வேண்டும்.

தேர்த்திருவிழாவில் வடம் பிடித்து இழுப்போர் ஆயிரம் பேர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவோர் ஒரு சிலர். தேர் நிலைக்கு வந்து சேர்வது அவ்விரு சாராராலும்தான். வேகத்தை விரும்பும் வீடுகளில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.