காரை முந்திய லாரி உருண்டது. பாலைவனத்தில் பறிபோன உயிர்!
கையில் இருந்த வெற்றியை விட்டுவிட்டு விலகிய டிரைவர்கள்

லாரி என்றால் மெதுவாகத்தான் போகும், ஆரன் சத்தம் கேட்டால் காருக்கு வழிவிட்டு ஒதுங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் 10 டன் எடை உள்ள ஒரு லாரி, உலகப் புகழ்பெற்ற பந்தயக் காரையே முந்திக்கொண்டு மணலில் பறந்தது. "லாரியாவது, ரேஸ் காரை முந்துறதாவது!" என்று படம் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இது நடந்தது 1988-ம் ஆண்டு ஜனவரி மாதம், ஆப்பிரிக்காவில். பாரீஸ்-டக்கார் பந்தயத்தில் ஓடிய அந்த லாரியின் டிரைவர் பெயர் யான் டி ரோய். நெதர்லாந்து நாட்டுக்காரர். சொந்தமாக லாரி கம்பெனி நடத்தியவர். அவர் முந்தியது பின்லாந்து வீரர் ஆரி வாட்டனென் ஓட்டிய பியூஜோ காரை. அப்போது வேகம் மணிக்கு சுமார் 200 கிலோ மீட்டர்!

ஆனால் அந்த வேகமே எமனாக வந்து நின்றது.

வழி தவறியவர் தொடங்கிய பந்தயம்

இந்தப் பந்தயம் பிறந்த கதையே விசித்திரமானது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த தியரி சபீன் 1977-ல் வேறொரு பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப்போய், லிபியா பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். கடைசியில் காப்பாற்றப்பட்டார். வேறு ஒருவராக இருந்தால் "இனி பாலைவனம் பக்கமே தலைவைக்க மாட்டேன்" என்று சொல்லியிருப்பார். அவரோ அதே பாலைவனத்தில் பந்தயம் நடத்தக் கிளம்பிவிட்டார்.

1978-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி பாரீஸ் நகரில் முதல் பந்தயம் தொடங்கியது. 182 வண்டிகள் புறப்பட்டன. செனகல் நாட்டின் டக்கார் நகருக்குப் போய்ச் சேர்ந்தவை 74 மட்டுமே. 1980 முதல் லாரிகளுக்குத் தனிப் பரிசு கொடுக்கப்பட்டது.

பந்தயத்தைத் தொடங்கிய சபீனையும் பாலைவனம் விடவில்லை. 1986 ஜனவரியில் மாலி நாட்டில் அவர் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. அவருடன் இருந்த 4 பேரும் பலியானார்கள்.

ஒரு லாரி, 3 பேர்

பந்தய லாரியில் 3 பேர் இருப்பார்கள். ஒருவர் வண்டி ஓட்டுவார். அடுத்தவர் வழிக்குறிப்பைப் படித்து, எங்கே பள்ளம், எங்கே திருப்பம் என்று சொல்லிக்கொண்டே வருவார். மூன்றாம் ஆள் மெக்கானிக். நடுப் பாலைவனத்தில் வண்டி நின்றால் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே போவது? அவர்தான் இறங்கி சரிசெய்ய வேண்டும்.

மணல் இளகியிருந்தால் டயரில் காற்றைக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி அகலமாக அழுத்தும்; புதையாது. கெட்டித்தரை வந்ததும் மறுபடி காற்று அடிப்பார்கள். அப்படியும் புதைந்துவிட்டால் மண்வெட்டிதான் கதி. கொளுத்தும் வெயிலில் மணலை வாரிப்போட்டு வண்டியைக் கிளப்ப வேண்டும்.

"மணல்தானே, விழுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. மணல்மேட்டின் ஒரு பக்கம் சாய்வாக ஏறும். மறுபக்கம் சட்டென்று செங்குத்தாக இறங்கும். உச்சிவெயிலில் நிழலே விழாது. மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போகும் 10 டன் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

2 என்ஜின்

டி ரோய் 1987-ல் லாரிப் பிரிவில் முதல் பரிசு வாங்கியவர். அவருடைய டாஃப் லாரியில் ஒன்றுக்கு 2 என்ஜின்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 1,200 குதிரைசக்தி. 1988 பந்தயத்துக்கு இப்படி 2 லாரிகளோடு வந்தார். ஒன்றை அவர் ஓட்டினார். மற்றொன்றை ஓட்டியவர் தியோ வான் டி ரைட். அவருக்கு வழி சொல்ல கீஸ் வான் லோவிசைன், மெக்கானிக் வேலைக்கு கிறிஸ் ராஸ் உடன் இருந்தார்கள்.

நைஜர் நாட்டின் டெனெரே பாலைவனம். அசுர வேகத்தில் போன இரண்டாவது லாரி மணல்மேட்டில் மோதியது. பல முறை உருண்டது. லோவிசைன் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பரிதாபமாக இறந்தார். மற்ற 2 பேரும் காயத்துடன் உயிர் தப்பினார்கள்.

முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த டி ரோய் பந்தயத்தில் இருந்து விலகிவிட்டார். டாஃப் கம்பெனியும் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஆண்டு லாரிப் பரிசு செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா லாரியை ஓட்டிய கரேல் லோப்ரைசுக்குப் போனது. பந்தயத்தில் பறிபோன உயிர்கள் மொத்தம் 6. இதில் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாத உள்ளூர் ஜனங்களும் அடக்கம்.

ஒரு வருடம் தடை

1989-ல் லாரிப் போட்டியே நடத்தப்படவில்லை. 1990-ல் மறுபடி தொடங்கியது. ஆனால் 2 என்ஜின் லாரிகளின் காலம் முடிந்துவிட்டது. பின்னாளில் லாரிகளுக்கு மணிக்கு 140 கிலோ மீட்டர் என்று வேக வரம்பும் வந்தது.

பந்தயமும் இடம் மாறியது. 2009 முதல் தென் அமெரிக்காவில் நடந்தது; 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. ரஷியாவின் காமாஸ் லாரியை ஓட்டிய விளாடிமிர் சாகின் 7 முறை வென்று சாதனை படைத்தார். டி ரோயின் மகன் ஜெரார்டு 2012, 2016-ம் ஆண்டுகளில் பரிசு வாங்கினார். டி ரோய் 2024-ல் தமது 80-வது வயதில் காலமானார்.

மீண்டும் அதே முடிவு

வேகத்தைக் குறைத்தாலும் மணல்மேடு மாறவில்லை. 2023 ஜனவரியில் சவூதியில், மேட்டுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த இத்தாலி நாட்டுக்காரர் மீது லாரி மோதியது. ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த லாரியை ஓட்டியவர் அலெஸ் லோப்ரைஸ். 1988-ல் பரிசு வாங்கிய கரேல் லோப்ரைசின் உறவுக்காரப் பிள்ளைதான் அவர். அன்று லாரிப் பிரிவில் முதல் இடத்தில் இருந்தவரும் அவரே. மோதியதை ஓட்டும்போது அவர் அறியவில்லை. ஆள் இறந்துபோனது தெரிந்ததும், இனி ஓட்டுவதில்லை என்று விலகிவிட்டார்.

சித்தப்பா, பெரியப்பா வழியில் வந்த பெருமை, கைக்கு எட்டிய பரிசு, ஒரு வருட உழைப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். பரிசு நெதர்லாந்தைச் சேர்ந்த யானுஸ் வான் காஸ்டரனுக்குப் போனது.

"அவர் மேல் தப்பு இல்லையே, ஓட்டியிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். சட்டப்படி ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் ஒருவர் உயிர் போன பிறகு ஸ்டீரிங்கைப் பிடிக்க மனம் வரவில்லை. 35 வருடத்துக்கு முன்பு டி ரோய் எடுத்த முடிவும் அதுதான்.