இரவல் மூளை



கோல சிலாங்கூர்த் தோட்டத்து வீட்டிலிருந்தபடியே நம் பிள்ளைகள் இன்று கைப்பேசி வழியாக அயல்நாட்டுச் சிறுவர்களுடன் சதுரங்கம் ஆடலாம். எதிராளியின் முகம் தெரியாது. நடுவரும் அருகில் இல்லை. அங்கேதான் சோதனை.

1997-இல் உலக வெற்றியாளர் காஸ்பரோவைக் கணினி வென்றது. இன்றைய கைப்பேசி நிரல்கள் அதைவிட வலிமையானவை. அவற்றிடம் கேட்டுக் காய் நகர்த்துவது எளிது.

2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரமுகர்கள் பலருடன் இணையத்தில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். மறுநாளே, பிறர் உதவியும் கணினி உதவியும் பெற்றதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். பலகையில் இருந்ததைப் பார்த்தே தாம் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னார்.

கள்ள ஆட்டம் எப்படித் தெரிகிறது? எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் ஒரே அளவு நேரம். ஆட்டம் முழுவதும் கணினி தேர்ந்தெடுக்கும் அதே நகர்த்தல்கள். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, ஆட்டத்தளங்கள் ஏமாற்றுபவரை நீக்குகின்றன.

ஆட்டம் முடிந்தபின் தன் பிழைகளைக் கணினியிடம் கேட்டறிவது நல்ல பயிற்சி. நடுவில் கேட்பதே குற்றம்.

ஆகவே பிள்ளையிடம், "வென்றாயா?" என்பதற்கு முன், "நீயே ஆடினாயா?" என்று கேளுங்கள். மாவட்டப் போட்டியில் பலகைமுன் தனியே அமரும்போது, இரவல் மூளை உடன் வராது.